கண்டிக்கோட்டை: வறள்நில மலையிடுக்கில் கூடாரப் பயணம்

மலையிடுக்கு என்பது, கடினமான பாறையை ஓர் ஆறு நெடுங்காலம் அறுத்துக்கொண்டே போனதால், இருபுறமும் ஏறக்குறையச் செங்குத்தான சுவர்களோடு உருவாகும் ஆழ்ந்த பள்ளமாகும். மழை மிகுந்த நிலத்தில் இச்சுவர்களை மண்ணும் மரமும் போர்த்திவிடுகின்றன; மழை குறைந்த நிலத்தில்தான் பாறை அடுக்கடுக்காக வெளிப்பட்டு, பள்ளத்தின் முழு வடிவமும் கண்ணுக்குத் தெரிகிறது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பகலில் சென்றடையக்கூடிய அத்தகைய இடம், ஆந்திர மாநிலத்தின் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகு நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே உள்ள கண்டிக்கோட்டையாகும். ஸ்ரீராம்புரத்திலிருந்து அதற்குள்ள தொலைவு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நின்று இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து ஏழு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இவ்விடத்தை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று விளம்பரங்கள் அழைப்பதை நம்பிப் போகிறவர்கள் இரண்டு செய்திகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. கண்டிக்கோட்டையின் ஆழமோ சுமார் 300 அடிதான். மேலும் ராயலசீமை, அதாவது கடப்பை, அனந்தபூர், கர்நூல், சித்தூர் ஆகிய பழைய மாவட்டங்கள் அடங்கிய தென்மேற்கு ஆந்திரம், பாலைவனமன்று; அது மழைமறைவு நிலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடுவதாலும், வடகிழக்குப் பருவமழை கடற்கரையைத் தாண்டி வரும்போது மெலிந்துவிடுவதாலும், அனந்தபூர்ப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. மணல்மேடுகளை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறுவார். கல், முள், கரிசல், வெயில் இந்நான்கோடும் பழகத் தயாரானவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் பெங்களூருக்கு அருகில் இல்லை.

ஆறும் பாறையும்

இந்த இடுக்கை அறுத்த வடபெண்ணை, பெங்களூருக்கு வடக்கே நந்திமலைத் தொகுதியில் பிறந்து, 597 கிலோமீட்டர் ஓடி, நெல்லூருக்கு அருகே வங்கக்கடலில் சேர்கிறது. கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூர் அணைக்கும் நீர் தந்து கடலூரில் முடியும் தென்பெண்ணையும் இதே மலைத்தொகுதியில்தான் தோன்றுகிறது. எர்ரமலை என்னும் தாழ்ந்த மலைத்தொடரை வடபெண்ணை குறுக்கே அறுத்துக்கொண்டு கிழக்கே வெளியேறும் இடமே கண்டிக்கோட்டை.

அங்குள்ள பாறை குவார்ட்சைட் வகையைச் சேர்ந்தது. மணற்கல்லின் துகள்கள் நெடுங்கால அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாகும்போது கிடைக்கும் மிகக் கடினமான பாறையே குவார்ட்சைட். கடப்பைப் படுகை என்று நிலவியலாளர் அழைக்கும் பழங்காலக் கடற்படிவுத் தொகுதியைச் சேர்ந்தது இந்தப் பாறை. சமையலறை மேடைக்குப் போடும் கறுத்த கடப்பைக்கல்லும் இப்படுகையின் கொடைதான். ஆனால் அது இப்பாறைக்குப் பின்னர் படிந்த சுண்ணாம்புக்கல்.

பயணிக்கு இந்த நிலவியல் வெறும் அறிவு அலங்காரமன்று. குவார்ட்சைட் கிடைமட்டமாகப் படிந்த அடுக்குகளை உடையது. அவ்வடுக்குகளை மேலிருந்து கீழாகச் செல்லும் வெடிப்புகள் குறுக்கே வெட்டுகின்றன. நிலவியலில் ‘மூட்டு’ எனப்படும் இவ்வெடிப்புகள் வழியே மழைநீரும் வேரும் இறங்கி இடைவெளியைப் பெருக்குவதால், பாறை செங்கல் அடுக்கியது போன்ற பெரும் பெரும் கட்டிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே விளிம்பில் தட்டையாகவும் உறுதியாகவும் தோன்றும் ஒரு கட்டி, பின்னாலுள்ள பாறையோடு ஒட்டாமல் தன் எடையின் பலத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கலாம். அதன் வெளி ஓரத்தில் ஒருவர் ஏறினால் அது சாயுமா சாயாதா என்பதை மேலே நின்று பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. காலைப் பனியில் நனைந்த பாறை வழுக்கும் என்பதையும், புகைப்படத்துக்காகப் பின்னோக்கி அடி வைக்கிறவர் விளிம்பைப் பார்ப்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், இப்பயணத்தின் பெரிய ஆபத்து எது என்பது விளங்கும். விளிம்பிலிருந்து ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குக் குறையாமல் விலகி நிற்பதும், அதைவிட விளிம்பை நெருங்கிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் உட்கார்ந்து நகர்வதும் குழு முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டிய விதிகள்.

இடுக்கின் அடியில் தேங்கிநிற்கும் நீரைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. ஊரிலுள்ள பழைய கோட்டைக்குக் கீழ்ப்புறம் மயிலாவரம் அணையும், மேல்புறம் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கமும் உள்ளன. கோட்டையடியில் காணப்படுவது பெரும்பாலும் மயிலாவரம் அணையின் பின்தேக்கம். மேல்புறத் தேக்கமோ காலேறு–நகரித் திட்டத்தின் வழியே கிருஷ்ணா ஆற்றிலிருந்து கொண்டுவரப்படும் நீரால் நிரப்பப்படுகிறது. எனவே உள்ளூர் வானம் தெளிவாக இருந்தாலும், மேலே மதகு திறக்கப்பட்டால் கீழே மட்டம் உயரலாம். தொலைவில் பெய்த மழை, வெயில் காயும் இடத்தில் உயிர் வாங்கிய நிகழ்ச்சிகள் வறள்நிலங்களில் உண்டு: 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையால் வந்த வெள்ளத்தில் 11 பயணிகள் இறந்தனர். கடப்பை மாவட்டத்திலேயே 2021 நவம்பர் 19 அன்று செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்து ஊர்களை அடித்துச் சென்றது. ஆகையால் ஆற்றுப்படுகையிலோ ஓடைக்காலிலோ, அவை எவ்வளவு உலர்ந்து மணலாகக் கிடந்தாலும், கூடாரம் அடிக்கக் கூடாது. கீழே இறங்கி நீரைப் பார்க்க விரும்புவோர் பகல் வெளிச்சத்தில் உள்ளூரார் ஒருவரோடு இறங்க வேண்டும்; நீந்துவது அறவே வேண்டாம்; படகு ஏறினால் மிதவைச் சட்டை அணியாமல் ஏறக் கூடாது.

காலமும் நேரமும்

அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதிலும் டிசம்பரும் ஜனவரியும் சிறந்தவை. மார்ச் மாதத்திலேயே பாறை தீய்க்கத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அந்நாட்களில் போகலாமா என்று கேட்போருக்கு வேண்டாம் என்பதே விடை. அக்டோபரிலும் நவம்பரிலும் வங்கக்கடலில் புயற்சின்னம் இருப்பதாக வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

டிசம்பரில் சூரியன் மாலை ஐந்தே முக்காலை ஒட்டி மறைந்துவிடுகிறது. இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும் அந்த ஒரு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து. கூடாரம் அடிக்கும் இடத்தின் நான்கு பக்கங்களையும், விளிம்பு எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது, வண்டி எவ்வழியே வெளியேறலாம் என்பவற்றையும் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு நான்கரை மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் நடுப்பகல் வெயிலில் ஊருக்குள் நிழலில் ஓய்வு வேண்டும். எனவே ஸ்ரீராம்புரத்தை விடியற்காலை நான்கு மணிக்கு விட்டுவிட வேண்டும். அலுவலகம் முடிந்து வெள்ளி இரவு கிளம்பி நள்ளிரவில் விளிம்புக்குப் போய்ச் சேரும் வழக்கம் பெங்களூர் நண்பர் குழுக்களிடையே பரவலாக இருக்கிறது. அது தவறான வழக்கம். நிலவைப் பொறுத்தவரை, விண்மீன் பார்க்க அமாவாசை நல்லதென்றாலும், முதன்முறை போகிறவர்களுக்கு வளர்பிறையின் நடுநாட்களே உகந்தவை. முன்னிரவில் விளிம்பு தெரியும், பின்னிரவில் விண்மீனும் தெரியும்.

வண்டியும் வழியும்

ஸ்ரீராம்புரத்துத் தெருக்கள் பலவற்றில் இரண்டு கார்கள் எதிரெதிரே கடக்க முடியாது; ஆதலால் சாமான்களை முதல்நாள் இரவே ஏற்றிவிட்டு, மறுநாள் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய அகலமான சாலையில் கூடிப் புறப்படுவது எளிது. மல்லேஸ்வரம், மேக்ரி சர்க்கிள், ஹெப்பாள், யெலஹங்கா, தேவனஹள்ளி, சிக்பள்ளாப்பூர், பாகேபள்ளி என்று தேசிய நெடுஞ்சாலை 44 வழியே வடக்கே சென்று, மாநில எல்லையைக் கடந்ததும் கொடிகொண்டாவில் கிழக்கே திரும்பி, கோரண்ட்லா, கதிரி, புலிவெந்துலா, முத்தனூர் வழியே ஜம்மலமடுகை அடையலாம். கடைசி முழு எரிபொருள் நிரப்பலும், பணம் எடுப்பதும், மருந்து வாங்குவதும் ஜம்மலமடுகிலேயே முடிந்துவிட வேண்டும். கைபேசிச் சமிக்ஞையை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

கண்டிக்கோட்டை வரை தார்ச்சாலை உண்டு. அதற்கப்பால், விளிம்பை ஒட்டிய கற்பரப்பும் நீர்த்தேக்கக் கரையின் மண்தடங்களுமே ‘ஆஃப்-ரோடு’, அதாவது போடப்பட்ட சாலைக்கு வெளியே வண்டி ஓட்டும் பகுதி. தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகள் இதற்கு ஏற்றவை. அவ்வகை வண்டியில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஒருசேரச் செல்கிறது. கூடவே ‘லோ’ எனப்படும் தாழ்ந்த பல்லிணைப்பு, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுகிறது. கற்படி ஏறும்போதும் இறங்கும்போதும் தாழ்பல்லில் முதல் கியரில் ஊர்ந்து செல்ல வேண்டும். வேகமெடுத்துத் தாவ முயன்றால் அடிப்பகுதியிலுள்ள எண்ணெய்க்கலம் உடையும். ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி முன்னே நடந்து கையசைத்து வழிகாட்டுவது அவமானம் அன்று; தேர்ந்த ஓட்டுநர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

டயரின் காற்றழுத்தத்தைப் பற்றிச் சில புத்தகங்கள் சொல்லும் அறிவுரை இங்கே பொருந்தாது. மணலில் டயர் பரந்து மிதக்க வேண்டும் என்பதற்காக அழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை, அதாவது சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டு என்னும் அளவு வரை, இறக்குவார்கள். குவார்ட்சைட்டின் உடைந்த முனை கத்திபோல் இருப்பதால், அவ்வளவு தளர்ந்த டயரின் பக்கச்சுவர் பிதுங்கிக் கிழியும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட வழியில்லை. வழக்கமாக 32 வைப்பவர் 26 வரை இறக்கினால் போதும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் ஏற்ற ஒரு சிறிய மின்பம்பு வேண்டும். காற்று சரிபார்க்கப்பட்ட ஸ்டெப்னியும், ஜாக்கியை ஊன்ற ஒரு மரப்பலகையும் வேண்டும்.

கரிசல் மண் வேறு விதமான பொறி. உலர்ந்திருக்கையில் கெட்டியாகத் தோன்றும் அம்மண், ஒரு தூறல் விழுந்தால் சக்கரத்தில் களிம்பாக ஒட்டிக்கொண்டு டயரின் பள்ளங்களை அடைத்துவிடும்; நான்கு சக்கர இழுவையும் அப்போது உதவாது. நீர்த்தேக்கக் கரையில் மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும் பகுதிகள் உண்டு. ஆடு மாடுகளின் குளம்படி ஆழமாகப் பதிந்திருந்தால் அங்கே வண்டி விடக் கூடாது. சிக்கிக்கொண்ட வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும்போது, கயிறு அறுந்தால் சாட்டையாகச் சுழலும் என்பதால், அதன் நீளத்துக்குள் எவரும் நிற்கக் கூடாது. இக்காரணங்களால் இரண்டு வண்டிகளும் ஆறிலிருந்து எட்டுப் பேரும் கொண்ட குழுவே சரியான அளவு. ஒற்றை வண்டிக் குழு தார்ச்சாலையை விட்டு விலகாதிருப்பது நல்லது.

வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் வண்டி, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உடையது. அதன் ஒப்பந்தத்தில் மாநிலம் தாண்டவும், சாலைக்கு வெளியே ஓட்டவும் அனுமதி உண்டா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. எர்ரமலையின் காப்புக்காட்டுப் பகுதிகளில் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். உழுத நிலத்தில் தடம் பதிப்பது, சட்டத்தைவிடப் பெரிய குற்றம்.

கூடாரமும் இரவும்

கண்டிக்கோட்டையில் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹரிதா விடுதி இருக்கிறது. ஊரார் சிலர் கூடாரமும் போர்வையும் வாடகைக்குத் தருகிறார்கள். மத்திய அரசின் சுற்றுலா நிதித் திட்டத்தில் 2024இல் இவ்விடம் சேர்க்கப்பட்டிருப்பதால், கட்டணமும் கட்டுப்பாடும் மாறக்கூடும். போனவுடன் ஊரில் விசாரித்து, அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே தங்க வேண்டும். ஸ்ரீராம்புரத்துத் தமிழர் பலருக்குக் கன்னடத்தோடு ஓரளவு தெலுங்கும் பேசவரும் என்பது இங்கே பெரிய உதவி. ‘அண்ணா’ என்று அழைத்துப் பேச்சைத் தொடங்குவது இரு மொழியிலும் செல்லும்.

கூடாரம் விளிம்பிலிருந்து குறைந்தது ஐம்பது அடி உள்ளே இருக்க வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தூக்கக் கலக்கத்தில் நடப்பவரை நினைத்தே இந்த அளவு சொல்லப்படுகிறது. கூடாரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே வண்டிகளைக் குறுக்காக நிறுத்திவிட்டால் அதுவே வேலியாகும். பாறையில் முளை இறங்காது. இடுக்கின் வழியே இரவில் காற்று பலமாக அடிக்கும். எனவே கூடாரக் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்ட வேண்டும். விளிம்பருகே மது கூடாது. இது ஒழுக்கப் போதனையாகச் சொல்லப்படுவதன்று. முந்நூறு அடிப் பள்ளத்தின் அருகில் தள்ளாடுகிறவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டரும், சமையலுக்கும் கழுவுவதற்கும் மேலும் மூன்று லிட்டரும் கணக்கிட்டு, இருபது லிட்டர் கேன்களாக எடுத்துச் செல்ல வேண்டும். எல்லா நீரையும் ஒரே வண்டியில் வைப்பது அறிவீனம். தலைவலி, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சளாதல் ஆகியவை உடல் வறண்டதன் அடையாளங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் நிழலும் தந்தால் பெரும்பாலும் சரியாகும். வியர்வை நின்று பேச்சு குழறினால் அது வெயில் வாதை. உடலை நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன், நாகம் ஆகிய நான்கும் தேளும் இந்நிலத்தில் உள்ளவை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரை வலி தெரியாமல் கடிக்கக்கூடியது என்பதால், திறந்தவெளியில் பாயில் படுக்கும் ஆசையை விட்டுவிட்டு, கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடித் தூங்க வேண்டும். காலணியை உதறாமல் அணியக் கூடாது. கல்லை வெறுங்கையால் புரட்டக் கூடாது. கடிபட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108ஐ அழைத்தோ சொந்த வண்டியிலோ ஜம்மலமடுகு அரசு மருத்துவமனைக்கும், தேவையானால் புரொத்துட்டூருக்கும் கொண்டுபோக வேண்டும். இரவில் வண்டியின் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் தொங்க வேண்டும் என்பது இதற்காகவே.

சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பு போதும். இங்கே மரமென்று இருப்பவை சில முட்செடிகளே. அவற்றை வெட்டி எரிப்பது ஆடு மேய்ப்பவரின் நிழலை எரிப்பதாகும். காலைச் சிற்றுண்டியை ஜம்மலமடுகில் முடித்துக்கொள்ளலாம்: ஊறவைத்த பொரியைத் தாளித்துச் செய்யும் உக்காணியும் மிளகாய் பஜ்ஜியும் இப்பகுதியின் சிறப்பு. ராகிக் களியையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் ஊரில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சமைத்துத் தருவார்கள்.

கோட்டையும் குகையும்

விடிந்ததும் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும். 1123இல் காப்பராஜன் என்பவர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டையை, விஜயநகரப் பேரரசின் கீழிருந்த பெம்மசானி நாயக்கர்கள் கல்லால் வலுப்படுத்தினர். பின்னர் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா அதைக் கைப்பற்றினார். வைர வணிகராகிய பிரெஞ்சுப் பயணி தவெர்னியே 1652இல் அவரை இங்கேதான் சந்தித்தார். மாதவராயர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம் ஆகியன ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இப்பழங்கட்டடங்களில் பெயர் கீறுவது 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி இரண்டாண்டுச் சிறைவரை செல்லக்கூடிய குற்றம்.

இரண்டாம் நாள் பகலுக்குப் பேலம் குகைகள் ஏற்றவை. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொலிமிகுண்ட்லா அருகே, சுண்ணாம்புக்கல்லை நிலத்தடி நீர் கரைத்து உண்டாக்கிய இக்குகைத்தொகுதி 3,229 மீட்டர் நீளமுடையது. 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் இதைக் குறித்து எழுதினார், 1982–83இல் ஹெர்பர்ட் டேனியல் கெபவுவர் தலைமையில் வந்த ஜெர்மானியர் குழு அளந்தது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே மக்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே புழுக்கம் மிகுதி. மூச்சுத்தொல்லை உடையவர்கள் வாயிலோடு நின்றுவிடலாம்.

திரும்பும் வழியாகத் தாடிபத்திரி, அனந்தபூர், தேசிய நெடுஞ்சாலை 44 என்பதைத் தேர்ந்தால் வந்த வழியே மீண்டும் போக வேண்டியதில்லை. தாடிபத்திரியில் வடபெண்ணைக் கரையிலுள்ள புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலின் கற்சிற்பங்களையும் பார்க்கலாம். கூடார இடத்திலிருந்து கிளம்பும்முன் எல்லாக் குப்பையையும், பிறர் விட்டுச்சென்ற புட்டிகளையும் சேர்த்து, சாக்கில் கட்டி வண்டியேற்ற வேண்டும்; கண்டிக்கோட்டையில் அவற்றை அள்ளிச் செல்லும் மாநகராட்சி வண்டி கிடையாது. இரண்டு இரவு சரியாகத் தூங்காத ஓட்டுநர்கள், விளக்கின்றி ஓரம் நிறுத்தப்பட்ட லாரிகள் உள்ள நெடுஞ்சாலையில், இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது. மாலை ஆறு மணிக்கு அனந்தபூரைக்கூடத் தாண்டவில்லையென்றால் அங்கேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்படுக. திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போனால் போகட்டும்.